கன்னத்தை உப்புங்கள்

முதலில் அந்த அங்கியின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள். சிங்கப்பூரின் இந்தக் கிராஞ்சி வெயிலில், வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கிக்குள் நீங்கள் வேர்த்துக்கொண்டிருப்பது மேடையிலிருந்தே தெரிகிறது. நான் தொண்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதை நெரித்துக்கொண்டு யாரும் கேட்க வேண்டாம்.

வாரத்தில் ஆறு நாள் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் நின்றுவிட்டு, ஏழாவது நாள் இங்கே வந்து ஓராண்டு கணினி படித்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருப் பக்கம் போகாமல் ஒரு தமிழன் ஓராண்டு தாக்குப்பிடித்தான் என்றால் அவனுக்குப் பட்டம் கொடுக்கத்தான் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் காலையில் சொன்னார். பின்வரிசையில் இருக்கும் நான்கு தங்கைகளுக்கும் அது பொருந்தும்.

கணினி படித்தவர்களிடம் பேச ஒரு தாதியை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டேன். “மிஸ்ஸி, இவர்கள் கடைசிப் பாடமாகச் செயற்கை நுண்ணறிவு படித்தார்கள். எண்டோஸ்கோப்பிப் படத்தில் புற்றுநோயை இயந்திரம் கண்டுபிடிப்பதைக் காட்டினேன். படத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள்” என்றார். 34 ஆண்டு தாதி வேலையில் 22 ஆண்டு நான் நின்றது காது மூக்குத் தொண்டைப் பிரிவில், அந்தப் படத்துக்கு ஒரு முழம் வெளியே. அதனால் ஒப்புக்கொண்டேன்.

தொண்டைக்குள் முதலில் ஒழுங்காக எட்டிப்பார்த்தவர்களில் ஒருவர் பாட்டு வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியுமா? மனுவேல் கார்சியா என்ற ஸ்பானியர். 1854-இல், பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடியை வெந்நீரில் காட்டிச் சூடாக்கி, உள்நாக்கை ஒட்டி வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலை வாய்க்குள் திருப்பி, தன் குரல்நாண்கள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்காமல் இருக்கத்தான் வெந்நீர். 170 ஆண்டு கழித்து நாங்கள் செய்வதும் அதேதான். கேமரா வந்துவிட்டது, திரை வந்துவிட்டது. எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனி மங்காமல் பார்த்துக்கொள்ள இன்னும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. மங்கிய படத்தில் எந்த இயந்திரமும் ஒன்றையும் காணாது.

அடுத்து ஒரு ராஜா கதை. ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரெட்ரிக்குக்கு 1887 தொடக்கத்தில் குரல் கம்மியது. குரல்நாணில் சிறு கட்டி. ஜெர்மன் மருத்துவர்கள் புற்று என்று சந்தேகப்பட்டு, கழுத்தைத் திறந்து எடுத்துவிடலாம் என்றார்கள். இங்கிலாந்திலிருந்து மொரெல் மெக்கென்சி என்ற பேர்பெற்ற தொண்டை மருத்துவர் வந்தார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இடுக்கியால் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்தார். அதை நுண்ணோக்கியில் பார்த்தவர் சாதாரண ஆள் இல்லை, ருடால்ஃப் விர்ஷோ. நோயைச் செல்லில் தேட வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர். புற்று இல்லை என்று எழுதினார். மறுபடியும் கிள்ளினார்கள், மறுபடியும் இல்லை. அறுவை சிகிச்சை கைவிடப்பட்டது. 1888 பிப்ரவரியில் மூச்சு அடைத்துக் கழுத்தில் துளை போட வேண்டியதாயிற்று. மார்ச்சில் பேரரசர் ஆனார். பேச்சே வராமல் சீட்டு எழுதி ஆட்சி செய்தார். 99 நாள். ஜூன் 15 அன்று இறந்தார். புற்றுதான்.

விர்ஷோ தப்பாகப் பார்த்தார் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அவர் மேசைக்கு வந்த துண்டில் புற்று இல்லாமல் இருந்திருக்கலாம். வேறு இடத்தில் கிள்ளியிருந்தால் இருந்திருக்கலாம். உலகத்திலேயே கூர்மையான கண்ணும் தன் முன்னால் வைக்கப்பட்டதைத்தான் பார்க்கும். உங்கள் இயந்திரத்தைப் பற்றி நான் யோசிக்கும்போதெல்லாம் விர்ஷோதான் நினைவுக்கு வருகிறார்.

சரி, உங்களில் திருச்சி விமானத்தில் ஏறி வந்தவர்கள் எத்தனை பேர்? பாதிக்கு மேல் கை தூக்குகிறீர்கள், நினைத்தேன். அந்த ராஜா இறந்த அதே 1888-இல், நவம்பர் 7 அன்று, திருவானைக்காவலில் ஒரு குழந்தை பிறந்தது. சி. வி. ராமன். ஒரு பொருளின் மேல் ஒளி பட்டுச் சிதறும்போது அதில் மிக மிகச் சிறு பங்கு, கோடியில் ஒன்று என்கிற அளவு, நிறம் மாறித் திரும்புகிறது. அதை அவர் 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டார்; எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் அந்தப் பொருளின் மூலக்கூறு எது என்று சொல்லிவிடலாம். 1930-இல் நோபெல் பரிசு.

இந்தக் கதை இங்கே எதற்கு என்றால், இதே தீவில், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஹுவாங் ஜிவெய் குழுவினர் அந்த ராமன் விளைவை எண்டோஸ்கோப்பிக் குழாய்க்குள் இறக்கியிருக்கிறார்கள். மெல்லிய ஒளியிழை குழாய் வழியே போய்ச் சதையைத் தொடுகிறது. லேசர் ஒளி பட்டுத் திரும்புகிறது. திரும்பிய ஒளியைக் கணினி படித்து, இந்த இடம் நல்ல திசுவா, மாறத் தொடங்கிய திசுவா என்று சில விநாடிகளில் சொல்கிறது. வயிறு, உணவுக்குழாய், மூக்குத்தொண்டை, குரல்வளை எல்லாவற்றிலும் சோதித்திருக்கிறார்கள். கிள்ளி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, நாள்கணக்கில் காத்திருக்கும் கேள்வியை, கிள்ளாமலே அங்கேயே கேட்டுப் பார்க்கிற முயற்சி. அந்த ஜெர்மன் இளவரசர் காலத்தில் இது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ராமன் குடும்பத்துக்கும் புற்றுநோய்க்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. ராமனின் அண்ணன் வழிப் பேத்தி முறையான டாக்டர் வி. சாந்தா, சென்னை அடையாற்றில் 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கையோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில் 1955-இல் சேர்ந்து, 2021-இல் சாகும்வரை அங்கேயே இருந்தவர். தாத்தா ஒளியைப் படித்தார், பேத்தி நோயைப் படித்தார். இரண்டும் ஒரு குழாய்க்குள் சேர்ந்தது இந்தச் சிங்கப்பூரில்.

இப்போது உங்கள் பாடத்துக்கு வருகிறேன். சாதாரண வெள்ளை ஒளியில் தொண்டையின் உட்புறம் முழுக்க ஒரே இளஞ்சிவப்பு. தொடக்க நிலைப் புற்று அதில் ஒரு சின்னச் சிவப்புத் திட்டாக, சில சமயம் வெறும் சொரசொரப்பாக இருக்கும். குறுகிய பட்டை ஒளி என்று ஒன்று உண்டு: 415 நானோமீட்டர் நீலம், 540 நானோமீட்டர் பச்சை, இரண்டை மட்டும் அனுப்புவது. இரத்தம் அந்த இரண்டையும் நன்றாக உறிஞ்சும். மேலாக ஓடும் நுண்குழல்கள் பழுப்பாகவும் ஆழத்தில் ஓடுபவை நீலப்பச்சையாகவும் தெரியும். புற்று தொடங்கும் இடத்தில் அந்த நுண்குழல்கள் கோணிக்கொண்டு, புள்ளி புள்ளியாக நிற்கும். கோலம் போடுகிறவளுக்கு ஒரு கம்பி பிசகினால் தெரிகிற மாதிரி, பழகிய மருத்துவருக்கு அது கண்ணில் படும். பழகுவதற்குப் பல ஆண்டு ஆகும்.

இயந்திரத்தின் நல்ல குணம் இங்கேதான். ஆயிரக்கணக்கான படங்களை, எது புற்று எது இல்லை என்று ஆய்வக முடிவோடு சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பிசகை அது கற்றுக்கொள்கிறது. குவாங்சோவில் சுன் யாட்-சென் பல்கலைக்கழகப் புற்றுநோய் மையத்தில் மூக்குத்தொண்டையின் 28,000-க்கும் மேற்பட்ட படங்களை வைத்துப் பழக்கிச் சோதித்தார்கள்; 2018-இல் கட்டுரை வந்தது. ஒப்பிட்டுப் பார்த்ததில் அங்குள்ள மருத்துவர்களைவிட அது நன்றாகவே பிரித்தது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. காலை எட்டு மணிக்கு வரும் நோயாளியையும் மாலை ஐந்து மணிக்கு வரும் நோயாளியையும் ஒரே கண்ணால் பார்க்கிற டாக்டரை நான் இந்த 34 ஆண்டில் பார்த்ததில்லை. தாதியையும்தான். இயந்திரத்துக்குப் பசிக்காது.

ஆனால் உங்கள் கணக்கு நோட்டை எடுங்கள். 1,000 பேர் குரல் கம்மி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 பேருக்குத்தான் புற்று. இயந்திரம் இருப்பதில் நூற்றுக்கு 90-ஐப் பிடிக்கும், இல்லாததில் நூற்றுக்கு 90-ஐ இல்லை என்று விடும். நல்ல இயந்திரம். 10 பேரில் 9 பேரைப் பிடித்து, திரையில் சந்தேக இடத்தைச் சுற்றிப் பச்சைப் பெட்டி போட்டுவிட்டது. மீதி 990 பேரில் 99 பேருக்கும் பெட்டி போட்டுவிட்டது. மொத்தம் 108 பெட்டி, அதில் உண்மை 9. அந்த 99 பேரில் ஒருவர் நீங்கள் என்றால், முடிவு வருகிறவரை தூங்குவீர்களா? விட்டுப்போன அந்த ஒருவர் நீங்கள் என்றால்? திரையில் பச்சைப் பெட்டி வந்தால் நோய், வராவிட்டால் நிம்மதி என்று எடுத்துக்கொள்வது இரண்டு பக்கமும் ஆபத்து. அதனால்தான் பெட்டி போட்ட பிறகும் துண்டு எடுக்கிறோம். பெட்டி வராவிட்டாலும் டாக்டர் மனத்தில் சந்தேகம் இருந்தால் துண்டு எடுக்கிறோம்.

இன்னொன்று. குவாங்சோவில் பழகியது குவாங்சோவின் நோயை. அங்கே மூக்குத்தொண்டைப் புற்று அதிகம். தென்சீனர்களிடம் அது எப்ஸ்டைன்-பார் வைரஸோடு சேர்ந்து வருகிறது. இங்கே சிங்கப்பூரில் சீனர்களுக்கு மூக்குத்தொண்டையைப் பரிசோதிப்பது முக்கியம். நம் ஆட்களின் கதை வேறு. வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, சாராயம். அது கன்னத்தில், நாக்கில், தொண்டையின் அடிக்குழியில் வந்து உட்காருகிறது. சீனத்துத் தொண்டையை மட்டும் பார்த்த இயந்திரத்துக்குத் தஞ்சாவூர்த் தொண்டை புதுசு. எந்தப் படத்தைக் கொண்டு பழக்கினீர்கள் என்று கேட்கிற உரிமை இன்றைக்குச் சான்றிதழ் வாங்குகிற உங்களுக்கு இருக்கிறது. கேளுங்கள்.

இப்போது படத்துக்கு வெளியே. தொண்டையின் அடியில், குரல்வளைக்கு இரண்டு பக்கமும், பேரிக்காய் வடிவில் இரண்டு குழிகள் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது அவற்றின் சுவர்கள் ஒட்டிக்கொண்டு மூடியிருக்கும். உள்ளே புற்று இருந்தாலும் கேமராவுக்குத் தெரியாமல் போகலாம். நோயாளி வாயை மூடிக்கொண்டு கன்னத்தை உப்பி ஊதினால் அந்தக் குழி திறக்கும். இரண்டு மூன்று விநாடி. அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

மூக்கு வழியாக நான்கு மில்லிமீட்டர் குழாய் இறங்கியிருக்கிறது. கசப்பு மருந்து தெளித்து நாக்கு மரத்திருக்கிறது. கண்ணில் தண்ணீர். டாக்டர் ஆங்கிலத்தில் கன்னத்தை ஊதச் சொல்கிறார். மன்னார்குடியிலிருந்து வந்து எட்டு மாதமான தம்பிக்கு அது எப்படிப் புரியும்? மூச்சை இழுக்கிறார், எச்சிலை விழுங்குகிறார், இருமுகிறார். குழி மூடியே இருக்கிறது. ஒருநாள் நான் அவர் காதுப் பக்கம் குனிந்து, “தம்பி, கல்யாணத்துல நாயனக்காரர் ஊதுறப்ப கன்னம் எப்படி இருக்கும்? அப்படி உப்புங்க” என்றேன். உப்பினார் பாருங்கள், திருவாவடுதுறை நாயனக்காரர்கள் தோற்றார்கள். குழி விரியத் திறந்தது. டாக்டர் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். விளக்கினேன். அடுத்த வாரத்திலிருந்து அந்தச் சீன டாக்டர் தமிழ் நோயாளிகளைப் பார்த்து “நாயனம், நாயனம்” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

இந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் இயந்திரத்தின் வேலையே தொடங்குகிறது. உங்கள் பாடத்தில் இது வந்ததா?

எண்டோஸ்கோப்பி அறைக்கு ஒருவர் வந்து சேர்வது அதைவிடப் பெரிய கதை. இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒருவர் பாரந்தூக்கித் தளத்தில் சிக்னல்மேன். நாள் முழுக்க வாக்கிடாக்கியில் குரல் கொடுக்கிறவர். குரல் கரகரத்தது. தூசி என்றார்கள், சுக்குக் காப்பி குடித்தார். அவரோடு தங்குவிடுதியில் மேல்கட்டிலில் படுக்கிறவர், “அண்ணே, மூணு வாரம் தாண்டிப் போச்சு, குரல் தெளியல, வாங்க” என்று இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கக் குரல்நாணில் கடுகளவு வெள்ளைத் திட்டு. குரல்நாணில் வருவது முந்திக்கொண்டு கத்திவிடும். அதுதான் அதன் நல்ல குணம். கதிர்வீச்சு கொடுத்தார்கள். இன்றைக்கும் தீபாவளிக்கு எனக்குத் தொலைபேசியில் பேசுகிறார், கொஞ்சம் கட்டைக் குரலில்.

இன்னொருவருக்கு அந்தப் பேரிக்காய்க் குழியில். அங்கே வருவது பேசாது. விழுங்கும்போது முள் குத்துகிற மாதிரி, ஒரு பக்கக் காதில் வலி, அவ்வளவுதான். காதில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி வந்த பிறகு வந்தார். ஏன் தம்பி இவ்வளவு நாள் என்று கேட்டேன். “நோய்னு தெரிஞ்சா பெர்மிட்டை ரத்து பண்ணி அனுப்பிருவாங்கன்னு பயம் மிஸ்ஸி. ஏஜெண்டு கடன் இன்னும் பாதி இருக்கு” என்றார். எந்தப் படத்திலும் இந்தப் பயம் பதிவாகாது. அதற்கு எந்த இயந்திரத்தைப் பழக்குவது? 2022 ஏப்ரலிலிருந்து தங்குவிடுதி ஊழியர்களுக்கு முதலாளி முன்கூட்டியே பணம் கட்டிவைக்கும் மருத்துவத் திட்டம் இருக்கிறது. உங்களுக்கென்று தனி மருத்துவ நிலையங்கள் இருக்கின்றன. முதல் படி அங்கே ஏறலாம். குரல் கம்முவதில் பெரும்பாலானவை சளியும் சத்தமும்தான், புற்று இல்லை. மூன்று வாரம் தாண்டினால் காட்டிவிடுங்கள் என்பதுதான் கணக்கு.

பாக்கைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் தலையைக் குனிய வேண்டாம். புகையிலை சேர்க்காத வெறும் வெற்றிலை பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டிலேயே சொல்லிவிட்டது. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் பொட்டலத்தை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மெல்லும் புகையிலையை இந்த நாட்டுக்குள் கொண்டுவருவதும் விற்பதும் குற்றம் என்று உங்களுக்கும் தெரியும். எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகவோ, வாய் முன்போல் திறக்காமலோ இருந்தால் கண்ணாடியில் பாருங்கள். கார்சியா பார்த்தார் இல்லையா? அதே கண்ணாடிதான்.

கடைசியாக ஒரு புதுச் செய்தி. தொண்டையில் இல்லை, பெருங்குடலில். இந்த இயந்திரங்கள் முதலில் நன்றாகப் பழகியது அங்கேதான். 2019-இல் செங்டுவில் 1,058 பேரை வைத்துப் பார்த்தபோது, இயந்திரம் உதவாத பக்கம் நூற்றுக்கு 20 பேரிடமும் உதவிய பக்கம் 29 பேரிடமும் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. பெரிய வெற்றி. 2025-இல் போலந்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. இயந்திரத்தோடு சில மாதம் வேலை செய்து பழகிய மருத்துவர்கள், அது இல்லாமல் பார்க்கும்போது எப்படிப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். முன்பு நூற்றுக்கு 28 பேரிடம் கண்டுபிடித்தவர்கள் 22 பேரிடம்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு கட்டுரையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் எனக்கு ஆச்சரியமில்லை. கைப்பேசி வந்த பிறகு என் தங்கை வீட்டுத் தொலைபேசி எண்ணே எனக்கு மறந்துவிட்டது. டாக்டர்கள் வாரத்தில் ஒரு நாள் பெட்டியை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. யாரும் என்னைக் கேட்கவில்லை, சொல்லிவைக்கிறேன்.

பேச்சு நீண்டுவிட்டது, பிரியாணி ஆறுகிறது. முடிப்பதற்கு முன் ஒன்று: இந்தக் கிராஞ்சியில் மேட்டின் மேல் போர் நினைவிடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கல்லறைகூடக் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயரைச் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்துப் பெயர்களும் நிறைய. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் அங்கே எப்போதாவது போவேன். ஒரு பத்திருபது பெயரை வாய்விட்டுப் படிப்பேன். தோட்டக்காரர் என்னைப் பார்த்து முதலில் பயந்தார், இப்போது பழகிவிட்டார்.

இப்போது உங்களை ஒவ்வொருவராக அழைப்பார்கள். நிகழ்ச்சி நிரலில் ஒரு சின்ன மாற்றம் கேட்டு வாங்கியிருக்கிறேன். உங்கள் பெயரை வேறு யாரும் படிக்க மாட்டார்கள். மேடைக்கு ஏறி, இந்த ஒலிவாங்கியின் முன் நின்று, உங்கள் பெயரையும் ஊரையும் நீங்களே உரக்கச் சொல்லிவிட்டுத்தான் சான்றிதழ் வாங்க வேண்டும். வெட்கப்படாமல், நாயனக்காரர் மாதிரி நெஞ்சு நிறைய மூச்சு எடுத்துச் சொல்லுங்கள். நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன். யாரையாவது “தம்பி, கொஞ்சம் இருந்து பேசிட்டுப் போங்க” என்று நான் நிறுத்தினால் பயப்படாதீர்கள்.

முதல் வரிசை, எழுந்து வாருங்கள்.